பதினொரு கில்டியர் டின்கள்

வில்மோர், மினசோட்டா
6 மார்ச் 1994

ஆர்லிஸ்,

தொலைபேசியில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். போன முறை நான் வைத்தேன். ஆகவே கடிதம்.

அம்மாவை அடக்கம் செய்து ஏழு வாரம் ஆகிறது. வீட்டையும் சாமான்களையும் ஏலம் விட மே 14 என்று தேதி குறித்தாகிவிட்டது. உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. ஏப்ரல் முடிவதற்குள் பட்டியல் அச்சுக்குப் போகவேண்டும். இறுதிச்சடங்குத் தாளில் ‘பால்மர் லிண்டாலின் மனைவி’ என்று என்னைக் கேட்காமல் போடச் சொன்னவள் நீ. நூற்றிருபது தாளிலும் அந்த வரியைப் பேனாவால் அடித்தவன் நான். அதற்காக நீ சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் டாகோமாவுக்கு விமானம் ஏறினாய். நம்மை விட்டு ஓடிப்போன ஆளுக்கு அந்தத் தாளில் இடம் கிடையாது என்றுதான் இன்றும் சொல்வேன்.

எழுத வந்தது வேறு.

நிலவறையில் ஊறுகாய் ஜாடிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். பீட்ரூட் ஜாடிகளுக்குப் பின்னால் இன்னொரு வரிசை இருந்தது. ஒவ்வொன்றும் மாவுச் சாக்குத் துணியில் சுற்றியிருந்தது. பிரித்தால் இன்ஜின் ஆயில் டின். பதினொன்று. எல்லாம் ஒரே கம்பெனி. மஞ்சள் டின், நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட ஆட்காட்டி மாதிரி ஒரு பறவை, கீழே ‘கில்டியர்’ என்று சிவப்பில். ஒன்றுகூடத் திறக்கவில்லை. கையில் எடுத்தால் முழுக் கனம்.

கொட்டகையில் கிடக்கும் பழைய பெட்ரோல் பங்க் பலகைகளுக்கு விலை சொல்ல மெர்ல் டோஸ்டால் என்ற ஆள் மான்கேட்டோவிலிருந்து வந்திருந்தார். ஆயில் டின்னையும் பலகையையும் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை என்று நினைக்கிற மனிதர். பலகைகளை அப்படியே விட்டுவிட்டு டின்களுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இந்த வீட்ல யாருப்பா சேகரிச்சது?”

“யாரும் இல்ல. எங்கப்பா போட்டுட்டுப் போனதா இருக்கும். அறுபத்தொண்ணுல போனாரு.”

“உங்கப்பா அறுபத்தொண்ணுல போயிருந்தா இது அவரு வெச்சது இல்ல.” ஒரு டின்னைத் திருப்பிக் காட்டினார். “முகவரியைப் பாரு. ஊர் பேருக்கப்புறம் அஞ்சு நம்பர் இருக்கா? அறுபத்து மூணு ஜூலைக்கு முன்னாடி இந்த நாட்டுல அந்தத் தபால் நம்பரே கிடையாது. இதுல இருக்கு, இதுல இருக்கு… இந்த ஒண்ணுல மட்டும் இல்ல.”

அம்மா கூட்டுறவுக் கடையில்தான் எண்ணெய் வாங்குவாள். வாங்கினாலும் காரின் முன்மூடியை அவள் திறந்து நான் பார்த்ததே இல்லை. பின் யார் வைத்தது? நீ என்னைவிட எட்டு வயது பெரியவள். உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

ஓரின்

*

டாகோமா
14 மார்ச்

அன்புள்ள ஓரின்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உடனே எழுத உட்கார்ந்தேன், படகுத்துறையில் மூன்று பேர் விடுப்பு, டிக்கெட் ஜன்னலில் நான் ஒருத்திதான், நாலு நாளாக மழை வேறு. சாக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாய். கொஞ்சம் அப்படித்தான்.

எனக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். அம்மாவின் மாவுப் பலகையும், அந்த நீலப் பூப்போட்ட பீங்கான் கிண்ணமும் போதும். தையல் மெஷினை நீ வைத்துக்கொள், இல்லாவிட்டால் தேவாலயத்துப் பெண்களுக்குக் கொடு. பீட்ரூட் ஊறுகாயில் இரண்டு ஜாடி அனுப்பமுடியுமா? உடைந்துவிடும் என்றால் வேண்டாம்.

டின்கள் விஷயம் எனக்குத் தெரியாது. அம்மா எதையும் தூக்கிப் போடமாட்டாள் என்று உனக்கே தெரியும். யாராவது கொடுத்திருப்பார்கள், வாங்கி வைத்திருப்பாள். பழைய மொன்டானா டின்களுக்காக நீ வேலையைக் கெடுத்துக்கொண்டு அலையாதே. அந்த மெர்ல் நல்ல விலை கொடுத்தால் கொடுத்துவிடு. எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டால் உனக்கும் நிம்மதி.

அந்தத் தாளைப் பற்றி: உன்னைக் கேட்டிருக்கவேண்டும். கேட்காதது தப்பு. ஆனால் அந்த வரி பொய் இல்லை, ஓரின். அவள் அவருடைய மனைவியாகத்தான் செத்தாள்.

ஆர்லிஸ்

*

வில்மோர்
19 மார்ச்

ஆர்லிஸ்,

என் கடிதத்தில் மொன்டானா என்று நான் எழுதவே இல்லை. கார்பன் தாள் வைத்து நகல் எடுத்திருக்கிறேன், மூன்று முறை படித்துப் பார்த்தேன். ‘ஊர் பேரு’ என்றுதான் மெர்ல் சொன்னார், அப்படித்தான் எழுதினேன். எண்ணெய் மொன்டானா எண்ணெய் என்று உனக்கு எப்படித் தெரியும்?

அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பணிமனையில் பனி அள்ளும் வண்டியின் கியர்பெட்டியைப் பிரித்துப்போட்டுவிட்டு எந்த போல்ட் எங்கே என்று தெரியாமல் நின்றேன். மேஸ்திரி வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். நான் வீட்டுக்குப் போகவில்லை. பதினொரு டின்களையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு மான்கேட்டோவில் மெர்லின் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவர் அவற்றைச் சமையல் மேசையில் பரப்பினார். அவருடைய மனைவி சாப்பாட்டுத் தட்டோடு வந்தவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போனாள். மெர்ல் ஒரு பூதக்கண்ணாடியும் பழைய விலைப்பட்டியல்களும் எடுத்து வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தார்.

முகவரியில் அஞ்சு நம்பர் இல்லாதது முதல் டின். பிறகு மூன்று, முழுக்க இரும்பு. பிறகு வருகிறவற்றில் உடம்பு அட்டை, மேலும் கீழும் மட்டும் இரும்பு. எண்ணெயின் தரத்துக்கு மூடியில் எழுத்துப் போடுவார்கள் இல்லையா, அதில் பத்து டின்னுக்கு எம்.எஸ். கடைசி ஒன்றுக்கு மட்டும் எஸ்.ஈ. “எஸ்.ஈ. எழுபத்தொண்ணுக்கு அப்புறம் வந்தது,” என்றார். பறவையின் வாலும் நாலு முறை மாறியிருக்கிறதாம். ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்தி வரிசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“தம்பி, ஒரே மாதிரி ரெண்டு டின் இல்ல. இது யாரோ மொத்தமா வாங்கினது இல்ல. வருஷத்துக்கு ஒண்ணு. அறுபத்து ரெண்டுல ஆரம்பிச்சு எழுபத்து ரெண்டு வரைக்கும்.”

“இங்க எந்தக் கடையில கிடைக்கும் இது?”

“இங்கயா? கிழக்கு மொன்டானாவைத் தாண்டி வந்ததே இல்ல. சின்ன கம்பெனி. எழுபத்தெட்டுல மூடிட்டாங்க. அதனாலதான் விலை. இரும்பு டின் ஒவ்வொண்ணுக்கும் இருநூறு டாலர் தர்றேன், அட்டைக்கு முப்பது. ஆனா உண்மையைச் சொல்லட்டுமா? இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்ல. நிலவறை ஈரத்துல இருபது வருஷம் இருந்தா அடி துருப்பிடிச்சுக் கசிஞ்சிருக்கும். இதுல ஒரு புள்ளி துரு இல்ல. யாரோ அப்பப்ப எடுத்துத் துடைச்சு, துணி மாத்திச் சுத்தி வெச்சிருக்காங்க.”

நான் ஓட்டிக்கொண்டு திரும்பும்போது என் திருப்பத்தைத் தாண்டிப் பதினோரு மைல் போய்விட்டேன்.

வருஷத்துக்கு ஒன்று. ‘அந்த வரி பொய் இல்லை’ என்று எழுதுகிறாய். உனக்குத் தெரியும் ஆர்லிஸ். நீ டாகோமாவில் உட்கார்ந்துகொண்டு டிக்கெட் கிழித்த இத்தனை வருஷமும் இந்த வீட்டில் அம்மாவுக்குச் சோறு ஆக்கி, மருந்து கொடுத்து, கடைசியில் தூக்கிக் குளிப்பாட்டியவன் நான். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியும்.

எழுது. ஊறுகாயைப் பற்றி எழுதாதே.

ஓரின்

*

டாகோமா
27 மார்ச்

ஓரின்,

இதை நாலு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. எப்படி வருகிறதோ அப்படியே அனுப்பிவிடுகிறேன்.

1963 அக்டோபர். எனக்குப் பதினாறு. பல்வலி என்று பள்ளியிலிருந்து மத்தியானமே வந்துவிட்டேன். நீ பள்ளியில் இருந்தாய். வீட்டு முற்றத்தில் மொன்டானா நம்பர் போட்ட ஒரு நீல பிக்கப் நின்றது. அம்மாவின் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பூட்ஸைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

அப்பா அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் எண்ணெய். “ஆர்லிஸா? வளந்துட்டியேம்மா” என்றார். எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை, வீக்கம் ஒரு பக்கம்.

“அம்மாகிட்ட பேசினீங்களா?” என்று எப்படியோ கேட்டேன்.

“அவ பேசமாட்டா. கதவும் திறக்கமாட்டா. ஆனா காரைப் பூட்டாம, சாவியை அதுலயே விட்டுடறா. போன வருஷமும் அப்படித்தான். ஆயில் மாத்திட்டு, பிரேக்கைப் பாத்துட்டுப் போயிடுவேன். ஓரின் எப்படி இருக்கான்?”

“நல்லா இருக்கான். பேசமாட்டேங்கறான்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். குளிர்காலத்தில் குறைந்தால் ஊற்றிக்கொள்ளட்டும் என்று ஒரு முழு டின்னைக் கொட்டகைப் பட்டறை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் ஓடிப்போகவில்லை, ஓரின். நம் குட்டித் தங்கை மாரித்தைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே அம்மாதான் போகச் சொன்னாள். எனக்குக் கேட்டது. “வெளிய போ பால்மர். இந்த வீட்டுப் படியை மிதிக்காதே.” அவ்வளவுதான். ஊரில் ஓடிப்போய்விட்டார் என்று பேச்சு வந்தபோது அவள் மறுக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் என்னிடம் சத்தியம் வாங்கினாள். “ஓரினுக்குத் தெரிஞ்சா வருஷம் பூரா வாசல்லயே நின்னுட்டிருப்பான். இந்த வீட்ல அப்படி ஒருத்தி நின்னாப் போதும்” என்றாள். அப்போது அது சரி என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு நாள் போகப் போக, சொல்லாமல் இருந்ததை எப்படிச் சொல்வது என்பதே ஒரு விஷயமாகிவிட்டது. உனக்கு இருபது வயதில் சொல்லியிருக்கலாம். முப்பதில் சொல்லியிருக்கலாம். நான் கோழை. அது மட்டும்தான் காரணம்.

அம்மா அந்த டின்களை வைத்திருந்தாள் என்று எனக்கே உன் கடிதத்தில்தான் தெரியும். குப்பையில் போட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

திட்டு. திட்டி எழுது. ஆனால் எழுதாமல் இருக்காதே.

ஆர்லிஸ்

*

வில்மோர்
2 ஏப்ரல்

ஆர்லிஸ்,

திட்ட எழுதத்தான் உட்கார்ந்தேன். வேறு ஒன்றை எழுதவேண்டியிருக்கிறது. வேகமாக எழுதிவிடுகிறேன், நிறுத்தினால் எழுதமாட்டேன்.

மாரித் செத்த அன்று காலையில் நான் பிக்கப்புக்குள் இருந்தேன்.

அப்பா சோளம் இறக்கிக்கொண்டிருந்தார். நான் முன்னால் ஏறி ஓட்டுகிற மாதிரி விளையாடினேன். எனக்கு ஆறு வயது. கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன், விட்டேன். கிர்ர் என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் பிடித்திருந்தது, மறுபடி இழுத்தேன், விட்டேன். பிறகு பசித்தது. இறங்கி, ரொட்டியில் சர்க்கரை தடவித் தரச் சொல்லி அம்மாவிடம் போனேன். அம்மா ரொட்டியை நறுக்கும்போது வெளியே அப்பா கத்தினார். வண்டி சரிவில் இறங்கியிருந்தது. மாரித் கீழே கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். மூன்று வயது.

நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா போனதும், என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு அவர் ஓடிப்போனவர் என்று ஊர் சொன்னபோது அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் கெட்டவராக இருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த நூற்றிருபது தாளிலும் பேனாவை அழுத்தி அடித்தேனே, அது இதற்காகத்தான்.

லினெட் என்னை விட்டுப் போனது எதற்கு என்று கேட்டாயே, அப்போது பதில் சொல்லவில்லை. அவளுக்குக் குழந்தை வேண்டும். எனக்கு முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். சொல்லவில்லை. நாலு வருஷம் கேட்டாள்.

இப்போது நீ எழுதுகிறாய், அம்மா அவரை விரட்டினாள் என்று. நான் செய்ததற்கு அவரை. அவர் பதினொரு வருஷம் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறார். நான் ஆறாம் வகுப்பில் பூமிசாஸ்திரம் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. கொட்டகைக்குப் போனால் அங்கேயும் முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி வருகிறேன், மறுபடி சுற்றுகிறேன். பணிமனையில் விடுப்புச் சொல்லிவிட்டேன்.

அவர் எப்போது செத்தார் என்று தெரிந்தால் எழுது. எங்கே புதைத்தார்கள் என்றும்.

ஓரின்

*

டாகோமா
6 ஏப்ரல், விரைவுத் தபால்

தம்பி,

நேற்றிலிருந்து ஏழு முறை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டேன். நீ எடுக்கவில்லை. ஏரியைச் சுற்றிக்கொண்டிருக்கிறாய் போல. தபால்காரர் கையிலாவது மாட்டுவாய் என்று இதை அனுப்புகிறேன்.

அப்பா சாகவில்லை. மொன்டானாவில் மைல்ஸ் சிட்டியில் இருக்கிறார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டயர் கடை, அதன் பின்பக்க அறை. எழுபத்தைந்து வயது. காது கொஞ்சம் மந்தம், கதவைப் பலமாகத் தட்டு. பதினெட்டு வயதில் நான் இங்கே வரும் வழியில் முதலில் போய்ப் பார்த்தேன். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது போவேன். ஆமாம், இதையும் உன்னிடம் மறைத்தேன். அம்மா இறந்ததை நான்தான் அவரிடம் சொன்னேன்.

பிரேக் விஷயத்தில் எனக்குத் தெரிந்ததை எழுதிவிடலாம். ஆனால் நான் எழுதினால், அக்கா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று மடித்து வைத்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். அவர் வாயால் கேள். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ அன்று வண்டியில் இருந்தாய் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. இந்த விஷயத்தில் யாரும் உன்னை நினைத்ததே இல்லை.

ஏரியைச் சுற்றியது போதும். மேற்கே திருப்பு. ஐந்நூற்றைம்பது மைல்.

அக்கா

*

மைல்ஸ் சிட்டி, மொன்டானா
13 ஏப்ரல், விரைவுத் தபால்

அக்கா,

உன் கடிதம் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன். இரும்பு டின் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை. யாரென்று கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும் என்று தோன்றியிருக்கவேண்டும். வழியில் பிஸ்மார்க்கில் படுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலய மணி அடிக்கும் நேரத்தில் இங்கே வந்து சேர்ந்தேன். பிறகு அந்தத் தெருவில் ஐந்து முறை போய்த் திரும்பினேன். ஆறாவது முறை, அவரே வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார்.

“யாருப்பா, அட்ரஸ் தேடறியா?” என்றார். பிறகு நம்பர் பலகையைப் பார்த்தார். மினசோட்டா. என் முகத்தைப் பார்த்தார்.

“ஓரின்,” என்றார்.

உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். காபி போட்டார், நான் குடிக்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

“கைப்பிரேக்கை எடுத்துவிட்டது நான்தாம்ப்பா. அன்னிக்கு வண்டிக்குள்ள நான் இருந்தேன்.”

அவருக்குக் கேட்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் போய் மறுபடி சொல்லவேண்டியிருந்தது. அதை ஒரு முறை சொல்வதே கஷ்டம்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எதை எடுத்துவிட்ட?”

“கைப்பிரேக்.”

“அதுல பிரேக்கே கிடையாதுடா.” அவருடைய குரல் பெரிதாகிவிட்டது. “கம்பி அறுந்து மூணு வாரமாச்சு. சனிக்கிழமை மாத்திடறேன், சனிக்கிழமை மாத்திடறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிட்டே இருந்தேன். சக்கரத்துக்கு ஒரு கட்டையை வெச்சு சமாளிச்சுட்டிருந்தேன். அன்னிக்கு சோளம் இறக்க வண்டியைப் பின்னுக்கு எடுக்கறப்ப கட்டையை எடுத்தேன். திரும்ப வைக்கல.”

“நான் இழுத்தேன், சத்தம் கேட்டுச்சு.”

“கேக்கும். மேல பல்லு மட்டும் சுத்தும். கீழ ஒண்ணும் மாட்டியிருக்காது. நீ ஆயிரம் தடவை இழுத்திருந்தாலும் ஒண்ணுதான்.”

நான் மெக்கானிக் இல்லையா. விடவில்லை. “கியர்? கியரை நான் தட்டிவிட்டிருந்தா?”

“கியர்லயே போடல. நியூட்ரல்ல விட்டேன். சோளத்தோட பாரத்துல பின் சக்கரம் மண்ணுல அழுந்தி நின்னுச்சு. இறக்கினேன், வண்டி லேசாச்சு, நகந்துடுச்சு. முப்பத்திரண்டு வருஷமா இந்த வரிசையைத்தான் தினம் சொல்லிப் பாக்கறேன். கட்டை, நியூட்ரல், பாரம். இதுல நீ எங்கயுமே இல்லடா.”

சொல்லிவிட்டு அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. “நீ உள்ள இருந்தியா? இத்தனை வருஷமா இதைத் தூக்கிட்டா திரிஞ்ச? தெரிஞ்சிருந்தா உங்கம்மா தோரா கதவைத் திறக்காட்டியும் அந்த ஜன்னலை உடைச்சு உள்ள வந்து சொல்லியிருப்பேனே…”

நான் வெளியே போய்விட்டேன். ரயில் பாதை ஓரமாக நடந்தேன். எவ்வளவு தூரம் என்று தெரியாது, தானியக் கிடங்கைத் தாண்டி, ஊரைத் தாண்டி. திரும்பி வந்தபோது அவர் அதே கட்டிலில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். காபி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

டின்னை மேசையில் வைத்தேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க கிடைச்சுது இது? இந்தக் கம்பெனி போயே பதினாறு வருஷமாச்சு.”

“அம்மா வெச்சிருந்தா. இப்ப இதுக்கு இருநூறு டாலர் தர்றேங்கறாங்க.”

“இருநூறா? முப்பத்தஞ்சு சென்ட் குடுத்தேன். அந்தக் கடைக்காரன் கேட்டான்னா செத்துடுவான்.” சிரித்தார். பிறகு, “ஒண்ணுதான் மிச்சமா?”

“பதினொண்ணும் இருக்குப்பா.”

சிரிப்பு நின்றுவிட்டது. “நான் அவ ஊத்திட்டான்னு நினைச்சேன். பட்டறை மேசையில வெச்சுட்டுப் போவேன், அடுத்த வருஷம் வந்தா இருக்காது. சரி, காருக்காவது ஆச்சேன்னு நினைச்சுப்பேன்.”

நிலவறை, பீட்ரூட் ஜாடிகள், மாவுச் சாக்குத் துணி எல்லாம் சொன்னேன். மெர்ல் சொன்னதையும் சொன்னேன், யாரோ அவ்வப்போது எடுத்துத் துடைத்துத் துணி மாற்றியிருக்கிறார்கள் என்று. “துடைச்சாளா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “துணி மாத்தினாளா?” என்றார். அதற்குப் பிறகு டயர் கடைக்குப் போய், ஒன்றும் இல்லாத தரையைச் சாயங்காலம் வரை கூட்டிக்கொண்டிருந்தார்.

இங்கே மூன்று நாளாக இருக்கிறேன். நேற்று ஹோட்டலில் சாப்பிடும்போது, எழுபத்து மூன்றில் ஏன் வராமல் நின்றுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

“நிக்கல. வந்தேன்,” என்றார். “அக்டோபர்ல வழக்கம்போல வந்தேன். முன்மூடியைத் திறந்து அளவுக் கம்பியை இழுத்துப் பாத்தா எண்ணெய் தேன் மாதிரி இருக்கு. புதுசு. வடிகட்டியும் புதுசு. அடியில போய்ப் பாத்தேன், போல்ட்டை ஒழுங்கா முறுக்கியிருக்கு, ஒரு சொட்டு கசியல. பிரேக்கையும் யாரோ பிரிச்சு மாட்டியிருக்காங்க. எனக்கு அங்க ஒரு வேலையும் இல்ல. துணியில கையைத் துடைச்சுட்டு நிமிந்தா உங்கம்மா கதவைத் திறந்துட்டு படியில நிக்கறா.”

“பேசினாளா?”

“‘பையன்’ன்னா. அவ்வளவுதான். ‘பையன்.’ பதினோரு வருஷத்துல அந்த ஒரு வார்த்தை. சொல்லிட்டு உள்ள போயிட்டா. நான் டின்னை வைக்கல. திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன். இனிமே நீ பாத்துப்பன்னு தெரிஞ்சுபோச்சு.”

அது நான்தான், அக்கா. அந்தக் கோடையில்தான் முதல் சம்பளம் வாங்கினேன். அம்மாவைக் கேட்காமலேயே காரை முழுக்கப் பிரித்து மாட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன்.

ஏலப் பட்டியலிலிருந்து டின்களை எடுத்துவிடச் சொல்லி அச்சகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மெர்ல் திட்டுவார். லினெட்டுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். திரும்பி வரச் சொல்லி இல்லை, அவள் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும்.

அப்பாவை வரச் சொன்னேன். “அவ உள்ள வரச் சொல்லலையே” என்றார். இரண்டு நாள் அதே பேச்சு. வீட்டுக்குள் வரவேண்டாம், கல்லறை வரைக்கும் வாருங்கள், மாரித்தும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார். வீட்டுக்குள் வருவதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வாசலில் வந்து நின்றுவிட்டால் எனக்கு என்ன செய்வது என்று தெரியாது, நீ இருந்தால் தேவலை. திங்கட்கிழமை மின்னியாபொலிஸுக்கு விமானம் இருக்கிறதா பார். நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

நாளைக் காலை கிளம்புகிறோம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் பையில் துணி வைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு சட்டையை எடுத்துக் கட்டிலில் விரித்து, தோராவைப் பார்க்கப் போக எது என்று கேட்டார். நீலம் என்றேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, இஸ்திரிப் பெட்டி இரவல் கேட்க டயர் கடைக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

ஓரின்